வாடகையும் வாடையும்

எத்தனை பாகை சாய்ந்தால்
ஒரு கப்பல் திரும்ப நிமிராது
என்று கணக்குப் போடுவதற்கு
மாதம் ஆயிரத்து அறுநூற்று ஐம்பது யூரோ தருகிறார்கள்.
அதற்குள் ஒரு கடலும் வேண்டும் என்கிறேன்.
பேராசைதான்.

பியாச்சென்சாவில் எங்களுக்கு மூடுபனி இருந்தது,
ஆறு இருந்தது, கொசு இருந்தது.
இருபத்தேழு வயதுவரை
அடிவானம் என்பது
பக்கத்து வயல் சோளம் முடிகிற இடம்.

த்ரியெஸ்தேயில் வீட்டுத் தரகர் யாத்ராங்கா கொஸ்ஸுட்டா.
சாவிக்கொத்தைப் பல்லில் கடித்தபடி
ஸ்கூட்டரை நிறுத்துகிறவர்.
சாவியை எடுத்ததும் முதல் வாக்கியம்:
“வாடகை குறைந்த இடத்தில் வாடை கூடுதல்.
இரண்டும் குறைந்த இடத்தில்
என் மாமியார் குடியிருக்கிறாள்.”

பார்கோலாவில் அவர் காட்டியது ஒரு பால்கனி.
அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வீடும் இருந்தது.
மணலே இல்லாத கரை.
சிமெண்டு நடைபாதையில் துண்டு விரித்து
அக்டோபர் வெயிலை
அடிச்சட்டி வழிப்பதுபோல் வழித்துக்கொண்டிருந்தார்கள்.
கடல் முழுசாக, தட்டில் வைத்த மாதிரி.
தொள்ளாயிரத்து நாற்பது.
கழித்துப் பார்த்தேன்:
கடலைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கலாம்.

வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மூஜா.
அரை மணி நேரப் படகு, பாதி வாடகை.
கீழ்வீட்டில் மீன் பொரிந்தது.
கடைசிப் படகு எட்டுக்கெல்லாம் போய்விடுமாம்.
என் வயதில் எட்டு மணிக்கு யார் வீடு திரும்புவார்கள்
என்று சிரித்தேன்.
இந்த ஊரில் எட்டுக்குமேல் பேச
எனக்கு ஒருவரும் இல்லை என்பதை
தரகரிடம் சொல்வானேன்.

செர்வோலாவில் இரும்பு உலை அணைந்து
வருடங்கள் ஆகின்றனவாம்.
ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்தேன்.
விரல் நம்பவில்லை.

கடைசியாக சான் வீத்தோ ஏற்றம்.
காற்று நாளில் பிடித்து நடக்க
தெருச்சுவரில் இரும்புக் கம்பி.
நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
விளம்பரத்தில் ‘கடல் தெரியும்’ என்று இருந்தது.
தெரிந்தது:
அடுக்களை ஜன்னலில் கழுத்தை ஒடித்தால்
இரண்டு சுவர்களுக்கு நடுவே
சுண்டுவிரல் அகலத்தில்.
பேனாவைத் தரையில் வைத்தேன்.
அது யோசித்து, பிறகு
அந்தச் சுண்டுவிரலை நோக்கி உருண்டது.
இரண்டு பாகை.
நிமிரும், என்றேன்.
யாத்ராங்காவுக்குப் புரியவில்லை.

படி இறங்கும்போது எதிரே ஒருத்தி.
அலுவலகக் கோட்டு, சொட்டும் தலைமுடி,
வாயில் பாதி ரொட்டி.
சாப்பாட்டு இடைவேளையில் நீந்திவிட்டு வருகிறாள்.
“தண்ணீர் ஜில்லென்று இருந்ததா?”
ரொட்டியை எடுத்தாள்.
“பின்னே?”
மறுபடி வைத்துக்கொண்டாள்.
இடுப்பால் கதவைத் தள்ளி
இரண்டாம் மாடிக்குள் மறைந்தாள்.

அவ்வளவுதான். படிக்கட்டிலேயே கையெழுத்திட்டேன்,
யாத்ராங்காவின் முதுகில் காகிதத்தை வைத்து.
எனக்குத் தெரிந்த கணக்கு எதிலும்
இப்படி ஒரு எடை வருவதில்லை.

டிசம்பரில் வாடை வந்தது, மூன்று நாளுக்கு.
தெருவில் ஸ்கூட்டர்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டன.
ஒரு குப்பைத்தொட்டி
வேலைக்கு நேரமானவன்போல் இறக்கத்தில் ஓடியது.
அடுக்களை ஜன்னல் இரவெல்லாம் பல்லடித்தது.
சட்டத்தைத் தடவியபோது
இடுக்கிலிருந்து ஏதோ விழுந்தது:
மூஜா படகுச் சீட்டு, எட்டாக மடித்தது.
எனக்கு முன்னால் இருந்தவர் செருகியிருக்க வேண்டும்.
அவரும் கழித்துப் பார்த்துத்தான்
இங்கே வந்து சேர்ந்தாரோ என்னவோ.

திரும்பச் செருகினேன். போதவில்லை.
டிசம்பர் வாடகை ரசீதை எடுத்து
எட்டாக மடித்து
அதன்மேல் திணித்தேன்.

முக்கால்வாசி நின்றது.
மீதியோடு தூங்கினேன்.